விற்பதற்கு எதுவும் இல்லாத ஒருவரை அனுப்பும், ஆண்டவரே

முப்பத்து மூன்று வயதில் நான் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தேன். உட்கார்ந்தால் போதும், இடுப்புக்குச் சற்று மேலே யாரோ உள்ளேயிருந்து கட்டைவிரலால் அழுத்துவது போல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் பொறுக்க முடியாமல் போய்விடும். அதனால் சமையல் மேடையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுவேன். என் மகள் ஜெனிக்கு அப்போது நான்கு வயது. அவளும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்று சாப்பிட்டாள். பெண்பிள்ளைகள் அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று நினைத்துவிட்டாள் போல. அன்றைக்குப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த நாட்களில் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் நம் சபை இதழுக்கு இதை எழுதுகிறேன். ஆனால் எழுதுகிறவள் யார் என்று தெரிந்தால்தான் உங்களுக்கு இது விளங்கும்.

மைசூரில் ஒரு மெடிக்ளைம், அதாவது மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் க்ளைம்களைப் படித்து, இந்த ஆபரேஷன் உண்மையிலேயே தேவைதானா, இந்த ஊசி எதற்கு, இத்தனை நாள் ஏன் படுக்க வைத்தார்கள் என்று கேள்வி கேட்பது என் பொறுப்பு. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எல்லாரும் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினால், நான் வெளுத்ததெல்லாம் சுண்ணாம்பு என்று நினைப்பேன். பால்காரர் முதல் பிரசங்கியார் வரை ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. "நீ பரலோகத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு, ஐடி கார்டு காட்டுங்கன்னு தேவதூதனையே கேப்பே" என்று என் கணவர் பிரபு சொல்வார்.

விபத்து ஒன்றும் நடக்கவில்லை. துவைத்த துணி வாளியைத் தூக்கினேன், நிமிரும்போது பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. ஒரு தசரா போய் அடுத்த தசராவும் வந்துவிட்டது. ஸ்கூட்டரில் ரிங் ரோட்டில் போனால் ஒவ்வொரு வேகத்தடை ஹம்ப்பும் என் முதுகெலும்பின் மேல் ஏறி இறங்கியது. கடைசியில் ஸ்கூட்டரையும் விட்டேன்.

வலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என்னை யாரும் நம்பாததைத்தான் தாங்க முடியவில்லை. அலுவலகத்தில், "ஈ வயசல்லி பென்னு நோவா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இந்த வயதில் என்ன முதுகுவலி என்று அர்த்தம். கட்டு இல்லை, காயம் இல்லை, முடி நரைக்கவில்லை. வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். என் லீவு விண்ணப்பத்தை அவர்கள் ஒரு க்ளைமைப் படிப்பது போலப் படித்தார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்கு எல்லாரையும் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு மூலிகை எண்ணெயை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். விசாரித்தால், அதை ஊரிலிருந்து வரவழைத்து விற்பதே அவர்தான். செல்போன் வீடியோக்களில் வந்த டாக்டர்கள் எல்லாரும் முதுகைக் காட்டிப் பேச ஆரம்பித்து, ஒரு மெத்தையைக் காட்டி முடித்தார்கள். சுகமளிக்கும் கூட்டத்துக்கு வா என்று ஒரு சகோதரி அழைத்தார். போனேன். மேடையில் ஊன்றுகோலை வீசி எறிந்தவரைக் கூட்டம் முடிந்த பிறகு தேடிப் பார்த்தேன். காணவில்லை. அந்த மனிதர் உண்மையில் சுகமடைந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படி நினைக்க மனம் வரவில்லை.

கடைசியாக ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எம்.ஆர்.ஐ. படத்தை அந்த டாக்டர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள இரண்டு டிஸ்க் கெட்டுப்போயிருக்கிறது, ஃப்யூஷன் செய்துவிடலாம் என்றார். கெட்ட டிஸ்க்கை எடுத்துவிட்டு, மேலெலும்பையும் கீழெலும்பையும் ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு ஒன்றாக இணைத்துவிடுவது. அந்த இடம் அசையாது. அசையாததால் வலிக்காது. நான் இரண்டாவது கேள்வி கேட்பதற்குள் அவர் கண் கதவுக்குப் போய்விட்டது. அடுத்த நோயாளி காத்திருந்தார். வருகிற திங்கட்கிழமை அட்மிஷன் என்று வெளியே உட்கார்ந்திருந்த பெண் சொல்லிவிட்டாள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. ஃப்யூஷன் செய்து நன்றாக இருக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் சிலர் சில வருடம் கழித்து, இணைத்த இடத்துக்கு மேலே இருக்கிற டிஸ்க் கெட்டுப்போய்த் திரும்பி வந்ததை என் மேஜையில் பார்த்திருக்கிறேன். இந்த வயதிலேயே இடுப்பை இறுக்கிக் கட்டிவிட்டால் மீதி நாளை எப்படி ஓட்டுவது? செயற்கை டிஸ்க் என்று ஒன்று இருப்பதும் தெரியும். கெட்டதை எடுத்துவிட்டு, அசையக்கூடிய ஒன்றை அதே இடத்தில் வைப்பார்கள். அதையும் நான் நம்பவில்லை. புதுச் சாமான் வந்தால் அதை விற்கப் புதுக் கதையும் கூடவே வரும் என்பது என் தொழில் அனுபவம். செய்தாலும் பயம், செய்யாவிட்டாலும் வலி. செத்தால் தேவலை என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். ஜெனியின் முகத்தைப் பார்த்து அந்த நினைப்பை விட்டேன்.

சுகம் தாரும் என்று கேட்டுக் கேட்டு எனக்கே என் ஜெபம் சலித்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டே, வேறு மாதிரி கேட்டேன். "ஆண்டவரே, எனக்கு அற்புதம்கூட வேண்டாம். என்னிடம் விற்பதற்கு எதுவும் இல்லாத ஒருவரை மட்டும் அனுப்பும். அவர் சொன்னால் கேட்கிறேன்." இப்படியும் ஒரு ஜெபமா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வந்தது அதுதான்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை. அறிவிப்பு நேரத்தில் எங்கள் சபைப் போதகர் ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "நம் சபையின் சகோதரி ஷீலா பிரபு அவர்கள் நீண்ட நாள் முதுகுவலியிலிருந்து பூரண சுகம் பெற்றதற்காக, அவர்கள் குடும்பத்தார் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை."

சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பூரண சுகம் பெற்ற நான் முன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

யார் வேலை என்று விசாரிக்கத் தேவையே இல்லை. பக்கத்தில் என் மாமியார் எஸ்தர் அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை கொள்ளேகால் பக்கத்துக்காரர். குரல் தாழ்த்திக் கேட்டேன்.

"அத்தை, எனக்கு இன்னும் வலி போகலியே. எதுக்குக் காணிக்கை குடுத்தீங்க?"

"போயிருச்சுன்னே நெனச்சுக்க கண்ணு. குடுக்க வேண்டியத முன்னாலயே குடுத்தாச்சு. வாங்கிக்கிட்ட பொறவு அவரு இல்லீன்னு சொல்லீருவாரா?"

சுகமான பிறகு காணிக்கை படைப்பது நம் வழக்கம். அத்தை ஆண்டவருக்கே அட்வான்ஸ் கொடுத்து வைத்திருந்தார். என் புத்தி உடனே வேலை செய்தது. இது பக்தி மட்டும் இல்லை, திங்கட்கிழமை ஆபரேஷனைத் தடுக்கப் போட்ட திட்டம் என்று சந்தேகப்பட்டேன். பூரண சுகம் பெற்றவள் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனால் சபை என்ன பேசும்? பிறகு கேட்டபோது அத்தை மறைக்கவில்லை. "உன்னையக் கத்திக்கு அனுப்ப எனக்கு மனசே வல்லீங் கண்ணு" என்று அழுதுவிட்டார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கல்யாண வீடு போல இருந்தது. கை கொடுத்தார்கள், கட்டிப் பிடித்தார்கள். கட்டிப் பிடித்தபோது உயிர் போய் வந்தது. போதகரின் மனைவி ஐயரம்மா, அடுத்த வாரம் பெண்கள் கூட்டத்தில் நீதான் சாட்சி சொல்கிறாய் என்று முடிவே செய்துவிட்டார். நான் மறுத்தால் அத்தையைப் பொய்யர் ஆக்கியது போல் ஆகும். மறுக்காவிட்டால் நான் பொய்க்காரி. சிரித்துக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் பெனிட்டா அக்கா வந்தார். எங்கள் கொயரை, அதாவது பாடகர் குழுவை, நடத்துகிறவர். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பல வருடத்துக்கு முன், "உன் சுதி உன் வீட்டோட இருக்கட்டும், கொயருக்கு வேண்டாம்" என்று எல்லார் எதிரிலும் என்னை நிறுத்தியவர் அவர். அதிலிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு தலையாட்டல், அத்தோடு சரி. அவர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக, மரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"நீ சுகமாகல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயர் சொன்னாரே, கேக்கலியா?" என்றேன்.

"சும்னே கதை விடாதே. கொயர்ல நிக்கிறவங்களுக்கு சபை மொத்தமும் கண்ணுக்கு நேரே தெரியும். பாட்டுக்கு எல்லாரும் எழும்பறதுக்கு முன்னாடியே நீ எழும்பறே. எல்லாரும் உக்காந்த பெறகு கடைசியா உக்கார்றே. அதுவும் ரெண்டு கையையும் ஊணி எறங்கறே. நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் உக்காந்தேன்."

நான் அழுதுவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஸ்தோத்திரம் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். என் வலியை நம்பிய முதல் ஆளும் அவர்தான். பாம்பின் கால் பாம்பறியும் என்பது எவ்வளவு உண்மை.

நான்கு வருடத்துக்கு முன் அவருக்குச் செயற்கை டிஸ்க் வைத்தார்கள் என்று சொன்னார். சபையில் ஒருவருக்கும் தெரியாது. முதுகில் ஆபரேஷன் என்றால் ஆயுள் முழுக்க நோயாளியாகப் பார்ப்பார்கள் என்று, வயிற்றில் ஆபரேஷன் என்று சொல்லிவைத்திருந்தார். அதற்குத் தையலும் வயிற்றில்தான் போடுகிறார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கே வரவில்லை என்பதில் இன்றுவரை எனக்கு வருத்தம்.

ஆனால் அழுகை நின்றதும் பழைய குணம் தலைதூக்கியது. "உங்களுக்கு டிஸ்க் வச்ச ஆஸ்பத்திரில யாராவது வேண்டியவங்க இருக்காங்களா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ சுகமானா எனக்கென்ன கெடைக்கப்போவுது? திரும்பவும் கொயர்ல சேத்துக்கோங்கன்னு வந்து நிப்பே. நஷ்டம்தான்."

முந்தின நாள் நான் கேட்ட ஜெபம் அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. என்னைப் பிடிக்காதவர் என்னிடம் இனிப்பாகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? விற்பதற்கு எதுவும் இல்லாத ஒருவரைக் கேட்டேன். ஆண்டவரோ, என்னைக் கண்டாலே ஆகாத ஒருவரை அனுப்பியிருந்தார்.

ஆனாலும் நான் நானல்லவா. "குனிஞ்சு காட்டுங்க" என்றேன்.

பட்டுச்சேலை. ஞாயிற்றுக்கிழமை. சபை முழுவதும் வளாகத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறது. பெனிட்டா அக்கா கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்தார். கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து, தரையில் கிடந்த ஒரு காய்ந்த இலையை எடுத்தார். நிமிர்ந்தார். இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். குந்தி உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழுந்தார். ஐயரம்மா பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். யாரிடமும் தலை தாழ்த்தாதவர் என்று பெயரெடுத்த மனுஷி, எனக்காக எல்லார் எதிரிலும் குனிந்தார். இது எதற்கு என்று இனி எல்லாரும் கேட்பார்கள்; நான்கு வருடம் காத்த ரகசியத்தையும் சேர்த்துத்தான் விட்டார்.

"போதுமா? இல்ல, பெஞ்சு ஒண்ணு தூக்கணுமா?" என்று கேட்டார். பிறகு குரலைத் தணித்தார். "இதையே நீயும் பண்ணிக்கோன்னு சொல்லல. எனக்குப் பண்ணின டாக்டர், என் தங்கச்சிக்கு இது வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டார். உனக்கு எது சரின்னு அவர் பாக்கட்டும். நாளைக்கு மட்டும் போய்ப் படுத்துக்காதே."

வீட்டில் பிரபுவிடம் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது. "எல்லாம் பேசி முடிச்சிட்டு இப்ப கேன்சலா? யார் சொன்னா? பெனிட்டாவா? அவங்களக் கண்டாலே உனக்கு ஆகாதே!"

"அதனாலதாங்க நம்பறேன்" என்றேன். அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அட்மிஷனை ரத்து செய்தார். உண்மையிலேயே சுகமான பிறகு சாட்சி தருகிறேன் என்று ஐயரம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன்.

பெனிட்டா அக்காவின் டாக்டரிடம் போனபோது நான் நோயாளியாகப் போகவில்லை, விசாரணைக்குத்தான் போனேன். அந்த டிஸ்க் செய்கிற கம்பெனியிலிருந்து உங்களுக்கு ஏதாவது வருகிறதா என்று நேராகவே கேட்டேன். பிரபு தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் கோபப்படவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான், எனக்கு எதுவும் வருவதில்லை என்று கன்னடத்தில் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவர் என்னை நடக்கச் சொன்னார், வளையச் சொன்னார், எங்கே எப்போது வலிக்கிறது என்று நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். புதிதாகப் படங்கள் எடுக்கச் சொன்னார். இரண்டு டிஸ்க்கில் ஒன்று வயதுக்குத் தக்கபடி தேய்ந்ததுதான், வலிக்குக் காரணம் கீழே உள்ள ஒன்று என்றார். பின்பக்கத்து மூட்டுகள் நன்றாக இருக்கின்றன, எலும்பு உறுதியாக இருக்கிறது, ஆகவே செயற்கை டிஸ்க் உங்களுக்கு ஒத்துவரும் என்றும் சொன்னார். இதோ விற்க ஆரம்பித்துவிட்டார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் உடனே செய்ய மாட்டேன் என்றார். இதுவரை நீங்கள் உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்ததே இல்லை, முதலில் சில மாதம் அதைச் செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

விற்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது என்று எனக்குத் தெரியும். விற்க மறுக்கிறவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. வழியெல்லாம் யோசித்தும் ஒரு குறையும் அகப்படவில்லை. அன்று இரவு முதல் முறையாக, ஆண்டவரே உம்மை நம்புகிறேன் என்று முழு மனதோடு சொன்னேன்.

பயிற்சியை நேர்மையாகச் செய்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. உட்கார மட்டும் முடியவே இல்லை. திரும்பிப் போனபோது, இனி செய்யலாம் என்றார் டாக்டர். வயிற்று வழியாகப் போகும்போது பெரிய ரத்தக்குழாய்களை ஒதுக்க வேண்டியிருக்கும், ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னார். படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அத்தை ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை என் கையை விடவில்லை. இந்த முறை முன்கூட்டியே காணிக்கை எதுவும் கொடுக்கவில்லையே என்று கேட்டேன். "போ கண்ணு" என்று அழுகையோடு சிரித்தார்.

கண் விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உள்ளே உண்மையிலேயே வைத்தார்களா, எக்ஸ்ரேயைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார்கள். வைத்துத்தான் இருந்தார்கள். மறுநாளே நடக்க வைத்தார்கள். பல வாரம் குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்று ஜாக்கிரதையாக இருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐயரின் பிரசங்கம் நீளமாகப் போனபோது, நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். பிரபு இடித்து எழுப்பினார். எனக்கு வெட்கம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. இரண்டு வருடமாக உட்கார முடியாதவள் உட்கார்ந்து தூங்கியிருக்கிறாள். அன்றைக்கு அந்த ஆலயத்தில் என்னைவிட அதிகமாக ஸ்தோத்திரம் செய்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

வலி முழுவதும் போய்விட்டது என்று எழுத மாட்டேன். நீண்ட பயணம் போனால் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். எல்லாருக்கும் இந்த ஆபரேஷன்தான் என்றும் சொல்ல மாட்டேன். ஃப்யூஷன்தான் சரி என்கிறவர்களும் உண்டு, ஆபரேஷனே வேண்டாத முதுகுகளும் நிறைய உண்டு. முதல் டாக்டரைக் குற்றம் சொல்லவும் நான் வரவில்லை. இப்போது நானும் ஜெனியும் மேஜையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். அலுவலகத்தில் யாராவது முதுகுவலி என்று லீவு கேட்டால் நான் சிரிப்பதில்லை. க்ளைம் படிக்கும்போது அந்தக் காகிதத்துக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஒருத்தி இருப்பாளோ என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன். பெனிட்டா அக்காவும் நானும் இப்போது ஆராதனை முடிந்து ஒன்றாகக் காபி குடிக்கிறோம். கொயரில் மட்டும் இன்னும் சேர்க்கவில்லை.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது வலியோடும் சந்தேகத்தோடும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். சந்தேகம் இருப்பதாலேயே உங்கள் ஜெபம் கேட்கப்படாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆண்டவர் உயிர்த்தெழுந்தபோது, அவருடைய ஆணித் தழும்பைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீஷனை அவர் துரத்தவில்லை, தழும்பைக் காட்டினார். உங்கள் கேள்வியையும் சந்தேகத்தையும் அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள். அவர் யார் மூலமாகப் பதில் அனுப்புவார் என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

நான் எழுதியதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மரத்தடிக்கு வாருங்கள். எனக்குப் பிடித்தவராக இருந்தாலும் சரி, பிடிக்காதவராக இருந்தாலும் சரி, எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, நீங்கள் கேட்டால் குனிந்து காட்டுகிறேன்.